கரியமில வாயு கூடினால் காடு செழிக்குமா?

பருவநிலை மாற்றத்தையும் காட்டையும் பற்றிப் பேச்சு எழுந்தால் மூன்று வாதங்கள் தவறாமல் வரும். கரியமில வாயுதான் மரத்துக்கு உணவு, ஆகவே அது காற்றில் கூடக் கூடக் காடு செழிக்கத்தான் செய்யும் என்பது ஒன்று. வெயில் ஏறினால் காடு வறண்டு கருகிவிடும் என்பது இன்னொன்று. மரங்கள் எத்தனை கூடுகின்றனவோ அந்த அளவுக்கு ஓடையில் நீர் பெருகும் என்பது மூன்றாவது. மேடைப் பேச்சிலும் பள்ளிக் கட்டுரைப் போட்டியிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் இவை திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்றுக்கொன்று முரண்படுவதைக்கூட யாரும் பொருட்படுத்துவதில்லை. மூன்றிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது. மூன்றையும் அப்படியே நம்பினால் எந்த இடத்தில் எந்த மரத்தை நடுவது, எதை நடாமல் விடுவது என்பதில் பெரிய தவறுகள் நேரும். நேர்ந்தும் இருக்கின்றன.

குழப்பம் தீர ஒரு செய்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும். மரம் வளர்வதற்கான வாயு உள்ளே வருவதும், மரத்தின் நீர் வெளியே போவதும் ஒரே துளை வழியாகத்தான். ஒன்று மாறினால் மற்றதும் மாறியே தீரும்.

## இலையின் அடிப்பக்கம்

வீட்டில் கொய்யா மரமோ செம்பருத்தியோ இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். வெயில் விழும் கிளையின் நுனியில், இலைகளோடு சேர்த்து ஒரு பாலிதீன் பையை மாட்டி வாயை நூலால் இறுகக் கட்டிவிடுங்கள். சற்று நேரத்தில் பையின் உட்புறம் மங்கலாகும். மதியத்துக்குள் துளிகள் திரண்டு வழிந்து பையின் மூலையில் நீர் தேங்கும். மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, தண்டையும் கிளையையும் கடந்து, இலையிலிருந்து ஆவியாக வெளியேறிய நீர் அது. இப்படித் தாவரம் நீரை ஆவியாக வெளியே விடுவதற்கு நீராவிப்போக்கு என்று பெயர்.

அது வெளியே வரும் வழி இலைத்துளை. பெரும்பாலான மரங்களில் இலையின் அடிப்பக்கத்தில், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில் இவை இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. நிறமற்ற நகப்பூச்சை இலையின் அடியில் மெல்லத் தடவி, காய்ந்தபின் செலோ டேப்பால் உரித்தெடுத்துப் பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியில் வைத்தால், துளைகளின் அச்சு தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு துளைக்கும் இரு பக்கத்திலும் அவரை விதை வடிவில் இரண்டு காப்புச் செல்கள் இருக்கும். அவை நீர் நிறைந்து உப்பினால் வளைந்து, இடையில் துளை திறக்கும். நீர் குறைந்து தளர்ந்தால் துளை மூடிக்கொள்ளும்.

மரம் துளையைத் திறப்பது கரியமில வாயுவுக்காக. சூரிய ஒளியைக் கொண்டு அந்த வாயுவையும் நீரையும் சர்க்கரையாக மாற்றுவதுதான் ஒளிச்சேர்க்கை. அந்தச் சர்க்கரையிலிருந்துதான் இலை, வேர், கட்டை, காய் எல்லாமே உருவாகின்றன. ஆனால் திறந்த துளை வாயுவை உள்ளே விடும் அதே நேரத்தில் நீராவியையும் வெளியே விட்டுவிடும். மரத்தால் ஒன்றைத் தடுத்து மற்றதை மட்டும் அனுமதிக்க முடியாது.

இந்தப் பரிமாற்றம் மரத்துக்கு எவ்வளவு பாதகமானது என்பதைப் பாருங்கள். இன்று காற்றில் உள்ள 10,000 மூலக்கூறுகளில் ஏறத்தாழ 4 மட்டுமே கரியமில வாயு. இலைக்குள்ளே இருக்கும் காற்றோ நீராவியால் நிறைந்து நிற்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் அங்கே 10,000-க்கு 400-க்கும் மேற்பட்டவை நீர் மூலக்கூறுகள். உள்ளே வரக் காத்திருப்பது அவ்வளவு சொற்பம், வெளியே ஓடக் காத்திருப்பது அவ்வளவு அதிகம். அதனால்தான் ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பெறுவதற்கு ஒரு மரம் சாதாரணமாகப் பல நூறு நீர் மூலக்கூறுகளை இழக்கிறது.

## காற்றின் தாகம்

மார்கழிக் காலையில் உலர்த்திய வேட்டி மதியம் வரை ஈரமாகவே கிடக்கும். சித்திரை வெயிலில் அதே வேட்டி ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். நிழலில் போட்டாலும் சித்திரையில் விரைவாகவே காயும். வேட்டியில் இருந்த நீரின் அளவு இரண்டு நாளும் ஒன்றுதான். வேறுபட்டது காற்று. அது இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்றுக்கொள்ளக்கூடிய நிலையில் இருந்தது என்பதுதான் காயும் வேகத்தைத் தீர்மானித்தது.

இலையிலும் நடப்பது இதுவே. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அந்த உச்சத்துக்கும் இப்போது காற்றில் இருக்கும் நீராவிக்கும் உள்ள இடைவெளிக்கு ஆவி அழுத்தப் பற்றாக்குறை என்று பெயர். பெயர் நீளமாக இருக்கிறது. இந்தக் கட்டுரையில் இதைக் காற்றின் தாகம் என்றே சொல்லிக்கொள்வோம். தாகம் கூடினால் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் நீர் வேகமாக உறிஞ்சப்படும்.

இதில் பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால், காற்று தாங்கக்கூடிய நீராவியின் உச்சம் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் வரை உயர்கிறது. அது நேர்கோட்டில் ஏறுவதில்லை, வெப்பம் ஏற ஏற இன்னும் செங்குத்தாக ஏறுகிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 30 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் இருந்தால் காற்றின் தாகம் 1.7 கிலோபாஸ்கல் (இது அழுத்தத்தை அளக்கும் அலகு). காற்றில் உள்ள நீராவி மாறாமல், வெப்பம் மட்டும் 33 டிகிரியாக உயர்ந்தால் தாகம் 2.5 கிலோபாஸ்கல் ஆகிவிடும். மூன்று டிகிரி வெப்பத்துக்கு, தாகம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கடல் ஆவியாகிக் காற்றில் நீராவியும் கூடும், அதனால் ஈரப்பதம் 60 சதவீதத்திலேயே நிற்கும் என்று வைத்துக்கொண்டாலும், தாகம் 2 கிலோபாஸ்கலுக்கு ஏறிவிடுகிறது.

ஆகவே மழை ஒரு சொட்டுகூடக் குறையாவிட்டாலும், வெப்பம் ஏறினாலே காடு கூடுதல் வறட்சியை உணரும். "மழை வழக்கம்போலத்தான் பெய்தது, பிறகு ஏன் மரங்கள் வாடுகின்றன?" என்று கேட்பவர்களுக்கு விடை பல நேரங்களில் இங்கேதான் இருக்கிறது.

இதுவரை பார்த்தது: இலைத்துளை திறந்தால் வாயு வரும், நீர் போகும். நீர் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைக் காற்றின் தாகம் தீர்மானிக்கிறது. வெப்பம் ஏறினால் அந்தத் தாகம் வெப்பத்தைவிட வேகமாக ஏறுகிறது.

## காடு ஈட்டுவதும் மிச்சம் பிடிப்பதும்

காட்டின் விளைச்சல் என்ற பேச்சில் மூன்று வேறு விஷயங்களைப் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். அவற்றைப் பிரித்துக்கொள்வது அவசியம்.

ஒரு காடு ஓராண்டில் ஒளிச்சேர்க்கையால் ஈர்த்துக்கொள்ளும் கார்பன் முழுவதும் மொத்த உற்பத்தி. அதில் ஏறத்தாழ பாதியை மரங்கள் தாங்கள் உயிர்வாழ்வதற்காகவே செலவிட்டுவிடுகின்றன. சர்க்கரையை எரித்து ஆற்றல் பெற்று, கரியமில வாயுவைத் திரும்ப வெளியே விடுகின்றன. இது சுவாசம், இரவும் பகலும் நடப்பது. மொத்த உற்பத்தியிலிருந்து இந்தச் சுவாசத்தைக் கழித்தால் கிடைப்பது நிகர உற்பத்தி. புதிய இலையாகவும் வேராகவும் கட்டையாகவும் ஆவது இந்த நிகரம்தான். அதிலும் ஒரு பெரும்பங்கு உதிர்ந்து, மக்கி, மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளின் சுவாசமாகக் காற்றுக்குத் திரும்பும். எல்லாம் போக, காடு ஆண்டுக்காண்டு சேர்த்துவைப்பது சிறு பகுதியே.

வெப்பம் இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் கைவைக்கிறது. ஒன்று, ஒளிச்சேர்க்கை. கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, வெப்பம் கூடினால் தவறுதலாக ஆக்ஸிஜனைப் பிடிப்பது அதிகமாகிறது. ஒவ்வொரு தவறுக்கும் தாவரம் ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சத்தை இழக்கிறது. இன்னொன்று, சுவாசம். வெப்பமான இரவில் மரமும் மண்ணும் வேகமாகச் சுவாசிக்கின்றன. இரவில் ஈட்டுவதற்கு வழியில்லை, செலவு மட்டும் தொடர்கிறது. நீண்டகாலம் வெப்பத்தில் வாழும் மரங்கள் ஓரளவு பழகிக்கொள்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் திடீர் வெப்ப அலைக்கு அந்தப் பழக்கம் ஈடுகொடுப்பதில்லை.

ஐரோப்பாவில் 2003 கோடையில் இது கண்கூடாக நடந்தது. கடும் வெப்பமும் மழைப் பற்றாக்குறையும் சேர்ந்து தாக்கியதில், கண்டம் முழுவதும் தாவரங்களின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்தது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் அந்த நிலப்பரப்பு நிகரமாகச் சேர்த்த கார்பனுக்கு ஈடான அளவு ஒரே ஆண்டில் காற்றுக்குப் போய்விட்டது.

செயற்கைக்கோள் படத்தில் பச்சை கூடியிருக்கிறது என்ற செய்தியைப் படிக்கும்போதும் இந்தப் பிரிவினையை நினைவில் வைக்க வேண்டும். பச்சை என்பது இலைப்பரப்பு. அது நிகர உற்பத்தியும் ஆகாது, சேர்ந்த கட்டையும் ஆகாது. காடு என்றுகூடச் சொல்லிவிட முடியாது. உலகில் பச்சை கூடியதில் சீனாவும் இந்தியாவும் முன்னணியில் இருப்பதாக 2019-இல் வெளிவந்த ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. அதே ஆய்வின்படி இந்தியாவில் கூடிய பச்சையில் 82 சதவீதம் வயல்களின் பங்கு. காடுகளின் பங்கு 4.4 சதவீதம் மட்டுமே. முதல் பாதியைப் படித்துவிட்டுக் காடுகள் செழித்துவிட்டன என்று மகிழ்ந்தவர்கள் நிறையப் பேர்.

## வாயுவைக் கூட்டிப் பார்த்த காடுகள்

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயு கூடுவதால் மரத்துக்கு நன்மை உண்டா என்றால், உண்டு. துளையைக் குறைவாகத் திறந்தே தேவையான வாயுவைப் பெறலாம். இழக்கும் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் ஈட்டும் கார்பன் கூடும். இதை நீர்ப்பயன் திறன் என்பார்கள். "வாயுதான் உணவு" என்று வாதிடுபவர்கள் இந்த இடத்தில் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

அந்த நன்மை எவ்வளவு தூரம் போகும் என்பதை ஊகத்துக்கு விடாமல், விஞ்ஞானிகள் காட்டிலேயே சோதித்தார்கள். மரங்களைச் சுற்றி வட்டமாக உயரமான குழாய்களை நட்டு, அவற்றின் வழியாகக் கரியமில வாயுவை ஆண்டுக்கணக்கில் ஊதினார்கள். கூரை இல்லை, கண்ணாடிச் சுவர் இல்லை. மழையும் காற்றும் பூச்சியும் வழக்கம்போல இருந்தன, வாயு மட்டும் வருங்காலத்து அளவில் இருந்தது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தின் பைன் காட்டில் 1996 முதல் 2010 வரை இது நடந்தது. அங்கேயும் அதுபோன்ற வேறு மூன்று இடங்களிலும், இளம் மரங்களின் நிகர உற்பத்தி சராசரியாக 23 சதவீதம் உயர்ந்தது. உற்சாகமான முடிவுதான். ஆனால் அந்த நான்கில் ஒன்றான டென்னசியின் ஓக் ரிட்ஜில், தொடக்க ஆண்டுகளில் 24 சதவீதமாக இருந்த உயர்வு 2008-இல் 9 சதவீதமாக இறங்கிவிட்டது. காரணம், மண்ணில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போதவில்லை. சர்க்கரை எவ்வளவு கிடைத்தாலும் தழைச்சத்து இல்லாமல் இலையில் புரதம் உருவாகாது. பயிருக்கு உரமிடும் விவசாயிக்கு இதை விளக்கத் தேவையே இல்லை.

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு மேற்கே ஒரு முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டில் 2012-இல் இதே சோதனை தொடங்கியது. நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இந்தச் சோதனையைத்தான். அங்கே மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மிகக் குறைவு. வாயு கூடியதும் மொத்த உற்பத்தி 12 சதவீதம் உயர்ந்தது, மரங்களோ கூடுதலாகப் பருக்கவில்லை. ஈட்டிய கூடுதல் கார்பன் சுவாசமாக, அதிலும் பெரும்பாலும் மண்ணின் வழியாக, காற்றுக்கே திரும்பிப் போயிற்று. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் 180 வயது ஓக் மரங்களிலோ ஏழு ஆண்டுகளில் சராசரியாக 10 சதவீத அளவுக்குக் கட்டை உற்பத்தி கூடியது. முதிர்ந்த காடுகள் எல்லாமே ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று சொல்லிவிட முடியாது என்பதற்காக இதையும் குறிப்பிடுகிறேன்.

நீர் மிச்சமாகுமா என்ற கேள்விக்கும் ஒரே விடை கிடைக்கவில்லை. அகன்ற இலை மரங்கள் பலவற்றில் இலைத்துளைகள் நன்றாகவே சுருங்கின. டியூக்கின் பைன் மரங்களில் அந்த மாற்றம் அவ்வளவாக இல்லை. ஒவ்வொரு இலையும் நீரைச் சேமித்தாலும், காடு கூடுதல் இலைகளை விட்டால் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். காற்றின் தாகம் ஏறினால் மிச்சமும் போய்விடும்.

சுருக்கமாக: கூடுதல் வாயு உதவுகிறது. அந்த உதவி மண்ணின் சத்து, நீர், மரத்தின் வயது ஆகியவை விடும் அளவுக்குத்தான். அதே வாயுதான் புவியை வெப்பமாக்கிக் காற்றின் தாகத்தையும் ஏற்றுகிறது.

## தண்டுக்குள் அறுபடும் நீர்

தாகம் மிகுந்த நாளில் மரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. துளைகளை மூடிக்கொண்டு நீரைக் காப்பாற்றலாம். அப்போது வாயு வராது, ஈட்டல் நின்றுபோகும், ஆனால் சுவாசச் செலவு நிற்காது. அல்லது துளைகளைத் திறந்தே வைத்துத் தொடர்ந்து ஈட்டலாம். அப்போது தண்டுக்குள் இருக்கும் நீருக்கு ஆபத்து.

அந்த ஆபத்து என்ன என்பதைப் புரிந்துகொள்ள, மரத்தில் நீர் எப்படி ஏறுகிறது என்று தெரிய வேண்டும். மரத்தில் பம்ப் எதுவும் இல்லை. சைலம் எனப்படும் மெல்லிய குழாய்களில் நீர் வேரிலிருந்து இலை வரை அறுபடாத இழையாக நிற்கிறது. இலையில் ஆவியாகும் ஒவ்வொரு துளியும் அந்த இழையை மேலே இழுக்கிறது. மண் காய்ந்து, காற்றின் தாகமும் ஏறினால் மேலே இழுக்கும் விசை கூடிக்கொண்டே போகும், கீழிருந்து வரும் நீரோ குறையும். ஓர் எல்லைக்கு மேல் இழை அறுந்து குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்துவிடும். அந்தக் குழாய் அதன்பின் நீரைக் கடத்தாது. இப்படிப் பல குழாய்கள் அடைபட்டால் நுனிக்கிளைகள் காயும். எல்லை மீறினால் மரமே பட்டுப்போகும்.

உலகின் பல வகைக் காடுகளிலிருந்து 226 மர இனங்களை எடுத்துக்கொண்டு 2012-இல் வெளியான ஆய்வில் ஓர் அதிர்ச்சியான செய்தி இருந்தது. அவற்றில் 70 சதவீதம் இனங்கள் இந்த எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்ந்துகொண்டிருக்கின்றன. மழைக்காட்டு மரமும் வறண்ட காட்டு மரமும் இதில் ஏறத்தாழ ஒன்றுதான். மழைக்காட்டு மரம் ஈரத்துக்குத் தக்கபடியும் வறண்ட காட்டு மரம் வறட்சிக்குத் தக்கபடியும் தங்களை அமைத்துக்கொண்டுவிட்டன. இரண்டிலும் கூடுதல் இடைவெளி வைக்கப்படவில்லை.

அந்த இடைவெளி தீர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியா பார்த்துவிட்டது. 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியின்போது வெப்பமும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. சியரா நெவாடா மலைச்சரிவுகளில் பைன் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வறட்சியில் நலிந்த மரங்களால் போதிய பிசினைச் சுரக்க முடியவில்லை. பட்டைக்குள் துளைக்கும் வண்டுகளைத் தள்ளி வெளியேற்றுவது அந்தப் பிசின்தான். வண்டுகள் எளிதாக உள்ளே புகுந்து மீதியை முடித்தன. 2017 முடிவதற்குள் அந்த மாநிலத்தில் செத்த மரங்கள் 12 கோடிக்கும் மேல் என்று அமெரிக்க வனத்துறை கணக்கிட்டது. படங்களில் அந்தச் சரிவுகள் பச்சைக்கு நடுவே துரு நிறமாகத் தெரியும். நூறாண்டுகளுக்கும் மேல் நின்ற மரங்கள் அவற்றில் இருந்தன. அந்த இழப்பை வெறும் எண்ணாகக் கடந்துபோக மனம் வருவதில்லை.

## முதுமலையில் உதிரும் இலை

துளையை மூடுவதற்கும் திறந்துவைப்பதற்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. இலையையே உதிர்த்துவிடுவது. நீலகிரியின் வடக்குச் சரிவில் முதுமலைக் காட்டுக்குக் கோடையின் தொடக்கத்தில் போயிருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தேக்கும் கருமருதும் வெக்காலியும் மொட்டையாக நிற்கும். காடு செத்துவிட்டதோ என்று புதியவர்கள் கேட்பார்கள். மரங்கள் நீர்ச்செலவை நிறுத்தி வைத்திருக்கின்றன, அவ்வளவே.

அங்கே இந்திய அறிவியல் கழகம் 1988 முதல் 50 ஹெக்டேர் பரப்பில் ஒரு நிலையான ஆய்வுத்திடலை வைத்திருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் அடையாள எண் கொடுத்து, மறுபடி மறுபடி அளந்து வருகிறார்கள். காடு வளர்கிறதா, எந்த இனம் சாகிறது, தீ வந்தால் என்ன நடக்கிறது என்பதற்கெல்லாம் பொறுமையான இந்த அளவீட்டைவிட நம்பத்தக்க சான்று வேறில்லை. செயற்கைக்கோள் பச்சையைக் காட்டும், எந்த மரம் எவ்வளவு பருத்தது என்று சொல்லாது.

இலையுதிர்க் காட்டில் வளர்ச்சி என்பது இலை இருக்கும் மாதங்களைப் பொறுத்தது. காற்றின் தாகம் முன்னதாகவே ஏறி மரங்கள் சீக்கிரம் உதிர்த்தால் ஈட்டும் நாட்கள் குறையும். முன்னதாக உதிர்ந்த சருகு நீண்ட நாள் வெயிலில் காய்ந்து கிடக்கும். தரையில் உண்ணிச்செடி மண்டியிருந்தால் தீ அதைப் பற்றிக்கொண்டு இன்னும் உயரத்துக்கு ஏறும். நீர்க்கணக்கில் தொடங்கியது தீக்கணக்கில் போய் முடிகிறது.

## ஓடைக்கு மிஞ்சுவது எவ்வளவு?

இனி மூன்றாவது வாதம். மரங்கள் கூடினால் ஓடையில் நீர் கூடுமா?

பெய்யும் மழை நான்கு வழிகளில் போகிறது. இலைகளில் தங்கி அங்கேயே ஆவியாவது, மண்ணிலிருந்து ஆவியாவது, மரத்தின் நீராவிப்போக்கு, இவையெல்லாம் போக ஓடைக்கும் நிலத்தடிக்கும் மிஞ்சுவது. முதல் மூன்றும் கூடினால் கடைசியில் மிஞ்சுவது குறையும். உலக அளவில் நிலத்தில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் இந்த மூன்று வழிகளில் காற்றுக்கே திரும்பிவிடுகிறது.

நீலகிரியிலேயே இதை அளந்திருக்கிறார்கள். கிளன்மார்கன் அருகே, பைக்காரா மின்நிலையத்துக்கு நீர் போகும் பகுதியில், அக்கம்பக்கத்தில் உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை உதகமண்டலத்து மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம் தேர்ந்தெடுத்தது. ஒன்றை இயற்கைப் புல்வெளியாகவும் சோலை எனப்படும் மலைக்காடாகவும் விட்டுவிட்டு, மற்றதில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, 1972-இல் நட்டது. முதல் பத்து ஆண்டுகளில் மரம் நட்ட பக்கத்து ஓடையில் நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரங்கள் மறுபடி தழைத்து வளர்ந்த அடுத்த பத்து ஆண்டுகளில் குறைவு 25 சதவீதத்தை எட்டியது. கோடையில் ஓடும் நீர் அதைவிடக் கடுமையாக இறங்கியது. ஆழமான வேரும், ஆண்டு முழுவதும் இலையும் உள்ள வேகமாக வளரும் மரம், கோடையில் ஓய்ந்துகிடக்கும் புல்லைவிடக் கூடுதல் நீரைக் குடிக்கும். இதில் மர்மம் எதுவும் இல்லை. வேகமான வளர்ச்சிக்குத் துளைகள் அகலத் திறந்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு மரமே வேண்டாம் என்று முடிவுகட்டுவதும் தவறு. காட்டு மண் மழையை உள்ளே இறக்கும், சேறு ஓடாமல் தடுக்கும், வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கும். அமேசான் போன்ற பெரும் காடுகளில் மரங்கள் வெளியிடும் நீராவியின் கணிசமான பங்கு, காற்றோடு பயணித்து உள்நாட்டில் மழையாகவே திரும்பப் பெய்கிறது. ஆனால் கண்ட அளவில் நடக்கும் அந்தச் சுழற்சியை ஒரு கிராமத்து ஏரிக்கரையில் நட்ட நூறு மரங்களிடம் எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் மரங்கள் செத்தால் ஓடை பெருகுமா என்று சிலர் கேட்பார்கள். சில இடங்களில் கொஞ்ச காலம் கூடலாம். வறண்ட பகுதிகளில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நிழல் போனதும் வெயில் நேரே மண்ணில் விழுந்து ஆவியாக்குகிறது, இடத்தைப் பிடித்துக்கொண்டு எழும் புல்லும் புதரும் மீதியைக் குடித்துவிடுகின்றன.

## மரம் நடும் இடத்தில் இந்தக் கணக்கு

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப்பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. நல்ல நோக்கம், நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் இன்று நடும் கன்று முழு மரமாக நிற்கப்போவது 2050-க்குப் பிறகுள்ள காற்றில். அந்தக் காற்றின் தாகம் இன்றைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

ஆகவே கோடையில் இலை உதிர்த்து நீரைக் காக்கத் தெரிந்த நம் வறண்ட காட்டு இனங்களுக்குச் சமவெளியில் முன்னுரிமை கொடுக்க வேண்டும். நெருக்கி நட்டால் எல்லாக் கன்றுகளும் ஒரே மண்ணீருக்குப் போட்டியிடும் என்பதால் இடைவெளி வேண்டும். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளில் மரம் நடவே கூடாது. அங்கே ஏற்கெனவே பரவியிருக்கும் கற்பூர மரத்தையும் சீகை எனப்படும் வாட்டில் மரத்தையும் படிப்படியாக அகற்றிப் புல்லை மீட்டெடுக்கும் வேலைக்குக் கூடுதல் பணமும் ஆட்களும் தேவை.

நட்ட கன்றுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. அதோடு இரண்டு எண்களைச் சேர்த்து வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருப்பவை எத்தனை என்பது ஒன்று. அந்தச் சரிவின் ஓடையில் பங்குனி, சித்திரை மாதங்களில் ஓடும் நீரின் அளவு என்பது இன்னொன்று. கிளன்மார்கனில் 1972-இலேயே இதை அளக்க முடிந்திருக்கிறது.